துத்தநாகத்தில் ஓடிய மணிக்கூடு

டிக்கோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் தொழிற்சாலைக்கு மின்சாரம் இருந்தது. துரை பங்களாவுக்கு இருந்தது. தோட்டக் காரியாலயத்துப் பெரிய கிளாக்கர் வீட்டுக்கும் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு மட்டும் இல்லை. கம்பி எங்கள் தகரக் கூரைக்கு மேலாகத்தான் போனது. காற்றடிக்கும் நாட்களில் அது ஆடும் சத்தம்கூடக் கேட்கும். தொண்ணூறுகளின் நடுவில், அந்தக் கம்பிக்குக் கீழே குப்பி லாம்பு வைத்து நான் உயர்தர உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்தில் அந்த வகுப்பு வரை போன முதல் பெண்பிள்ளை நான். அம்மாவுக்கு நர்சரியில் பொலித்தீன் பைகளுக்கு மண் நிரப்பி நாற்று வைக்கும் வேலை. அப்பா தொழிற்சாலையில் ரோலர் மெஷினில் நின்றார்.

வெளிச்சம் பட்டால் இலையின் பச்சையத்திலிருந்து இலத்திரன் கிளம்புகிறது என்று உயிரியல் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. மின்சாரம் என்பது இலத்திரன்களின் ஓட்டம் என்று பௌதிகப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. இரண்டும் ஒரே நாளில் பஸ்ஸில் வைத்து என் தலைக்குள் சந்தித்துக்கொண்டன. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், மழையில் திரும்பி நடந்து வந்தேன். வழி நெடுக இரண்டு பக்கமும் தேயிலை. இத்தனை இலையிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது, பிடிக்கத்தான் யாரும் இல்லை என்று நினைத்தேன். பதினேழு வயதில் அப்படி நினைப்பது பெரிய போதை.

அம்மா நர்சரியில் கழித்துப் போட்ட நாற்றுப் பைகளைக் கொண்டுவந்தாள். தொழிற்சாலையில் எரிந்துபோன மோட்டாரிலிருந்து அப்பா செம்புக் கம்பி உருவித் தந்தார். இன்னொரு உலோகத் தகடு வேண்டியிருந்தது. பழைய டோர்ச் பெட்டரியின் உறையை வெட்டி விரித்தால் அது துத்தநாகம். ஒவ்வொரு பையின் ஈரமண்ணிலும் செம்பு ஒரு பக்கம், துத்தநாகம் ஒரு பக்கம் குத்தி, மூன்று பைகளை வரிசையாகக் கம்பியால் இணைத்தேன். கடைசியில் ஹட்டன் நடைபாதையில் வாங்கிய சின்ன டிஜிட்டல் மணிக்கூடு. கறுப்பு எண்கள் மெல்லத் தெளிந்து வந்து நின்றன.

அப்பா மணிக்கூட்டைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"பெட்டரி எங்க?"

"இல்லப்பா. செடிதான்."

அவர் நாற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரையும் கூட்டி வந்தார்.

எங்கள் விஞ்ஞான ஆசிரியருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அவரும் லயத்தில் பிறந்தவர். தன் தோட்டத்தின் முதல் பட்டதாரி. வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் வருவார். அவரைப் பார்த்தால், நமக்கும் ஒரு வழி இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றும். அதனால்தான் அவர் செய்தது இன்றுவரை ஆறவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் எதிர்பார்த்ததுதான் என்று விட்டிருப்பேன்.

மணிக்கூடு பாடசாலைக் கண்காட்சியில் ஒரு கிழமை ஓடியது. 'ஒளித்தொகுப்பிலிருந்து மின்சாரம்' என்று அவரே அதற்குத் தலைப்பு எழுதினார். பிறகு என்னை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டார்.

"நல்லா செஞ்சிருக்கம்மா. இத வலயப் போட்டிக்கு அனுப்புறோம். ஆனா நடுவர்மாருக்கு முன்னால நின்னு பேசணும். அதுக்குத் தெளிவான ஆள் வேணும்."

"நான் பேசுவேன் சார்."

"நீ வாயத் தொறந்தா லயத்துப் பேச்சுதான் வருது. கிளாக்கரோட மகன் பேசட்டும். அவனுக்கு இங்கிலீசும் வரும். செடிய நீ பாத்துக்க. எல்லாம் ஒரே குழுதானே?"

எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகன் என் வகுப்பில்தான் இருந்தான். கெட்டவன் இல்லை. அவன் அப்பா பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் முக்கிய ஆள். ஒரே குழு என்று ஆசிரியர் சொன்னாலும், பெயர் அட்டையில் ஒரே பெயர்தான் இருந்தது. அவனுடையது. வழிகாட்டி என்ற இடத்தில் ஆசிரியருடையது.

வலயத்தில் முதலிடம். கண்டியில் நடந்த மாகாணப் போட்டியிலும் முதலிடம். இரண்டு தடவையும் மண்பைகள் என் மடியில்தான் பயணம் செய்தன. மண்டபத்தில் பைகளை அடுக்கிக் கம்பி இணைத்துக் கொடுத்ததும், "நீ வேன்ல இரும்மா" என்று அனுப்பிவிடுவார். பத்திரிகையில் படம் வந்தது. அதை வெட்டி அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். ஆசிரியர், கிளாக்கர் மகன், நடுவில் என் நாற்றுகள். படத்தின் ஓரத்தில், சாய்ந்த பையை நிமிர்த்திப் பிடித்தபடி ஒரு கை மணிக்கட்டு வரைக்கும் தெரிந்தது. அது என் கை. ஒவ்வொரு நாளும் வகுப்புக்குப் போக அந்தப் பலகையைத் தாண்ட வேண்டும். நான் வேகமாகத் தாண்டியதே இல்லை. நின்று பார்ப்பேன். ஆத்திரத்தை ஆறவிடக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே வந்தது.

அடுத்தது கொழும்பில் அகில இலங்கைப் போட்டி.

வீட்டில் ஒரு பழைய சோதனைச் செட்டை அடுப்பு மூலையில், வெளிச்சமே படாத இடத்தில் வைத்துவிட்டு மறந்திருந்தேன். ஒருநாள் விறகு எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன். நாற்றுகள் மூன்றும் இலை உதிர்ந்து கருகிய குச்சிகளாக நின்றன. மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு குச்சியைப் பிடுங்கினேன். ஓடியது. மூன்றையும் பிடுங்கினேன். ஓடியது. துத்தநாகத் தகட்டை உருவிப் பார்த்தேன். வெள்ளைப் பொடி பூத்து, கறையான் அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. அப்போது புரிந்தது. செடி ஒன்றும் செய்யவில்லை. துத்தநாகம் ஈரமண்ணில் கரைந்து கரைந்து மின்சாரம் தந்திருக்கிறது. நான் கண்டுபிடித்தது வெறும் பெட்டரி. செடி அதற்கு அலங்காரம்.

அன்றைக்கு அடுப்பு மூலையிலேயே உட்கார்ந்து அழுதேன். மழையில் நடந்து வந்த அந்த நினைப்பு முழுவதும் பொய்யாகிவிட்டதே என்று அழுதேன். இரண்டு நாள் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. அந்தப் பொய் இப்போது என்னுடையது இல்லை. அட்டையில் என் பெயர் இல்லை.

கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள் ஆசிரியர் கேட்டார்.

"எல்லாம் சரியாம்மா? செடியெல்லாம் பச்சையா இருக்கா?"

"நல்லா இருக்கு சார்."

இருப்பதிலேயே கொழுகொழுவென்ற நாற்றுகளைத் தேர்ந்து, ஒவ்வொரு இலையையும் ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தேன். அவ்வளவு அக்கறையோடு நான் அதற்கு முன் எதையும் செய்ததில்லை.

போட்டியைப் பார்க்கப் பாடசாலையிலிருந்து ஒரு பஸ் போனது. நானும் போனேன். பெரிய மண்டபம். எங்கள் மேசைக்கு நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்தவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். கிளாக்கர் மகன் அழகாகப் பேசினான். சூரிய ஒளி, பச்சையம், இலத்திரன், எல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான். ஆசிரியர் பக்கத்தில் கைகட்டி நின்றார். பார்க்க வந்த பிள்ளைகளின் வரிசையிலிருந்து நான் கையை உயர்த்தினேன்.

"ஒரு கேள்வி கேக்கலாங்களா?"

நடுவர் அம்மா திரும்பி, "கேளும் பிள்ளை" என்றார்.

"செடியப் புடுங்கிட்டா மணிக்கூடு நின்னுருமா?"

கிளாக்கர் மகன் சிரித்தான். "நிச்சயமாக நின்றுவிடும். செடிதான் மின்சாரத்தை உற்பத்தி செய்கிறது."

ஆசிரியர் சிரிக்கவில்லை. என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டார். "செடிய வீணாக்க வேணாமே, மேடம்" என்று அவசரமாகச் சொன்னார்.

"ஒரு செடிதானே. நல்ல கேள்வி அது. தம்பி, ஒருக்காப் பிடுங்கும், பாப்பம்."

அவன் ஒரு நாற்றைப் பிடுங்கினான். மணிக்கூடு ஓடியது. மற்றதையும் பிடுங்கச் சொன்னார். ஓடியது. மூன்றாவதையும் பிடுங்கினான். மேசை முழுக்க மண். வேரோடு மூன்று நாற்றுகள் கிடக்க, நொடிகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே இருந்தன. நடுவர் அம்மா துத்தநாகத் தகட்டை இரண்டு விரலால் உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சேர், இது உங்கட வழிகாட்டலோ?"

ஆசிரியர் வாயைத் திறந்தார். தெளிவான ஆள் ஒருவரும் அன்றைக்கு அங்கே இல்லை. கிளாக்கர் மகன் கழுத்து வரை சிவந்து போய் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். ஆசிரியரையும் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த இனிப்புகளில் அதற்கு ஈடானது இன்னும் கிடைக்கவில்லை. இதை வெட்கப்பட்டுச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

விலை இரண்டு கிழமையில் வந்தது. அப்பாவை ரோலர் மெஷினிலிருந்து எடுத்து மலையில் மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டப் போட்டார்கள். பதினெட்டு வருடம் கூரைக்குக் கீழே வேலை செய்த மனுஷன், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் மண்வெட்டியோடு போனார். காரணம் யாரும் சொல்லவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பெரிய கிளாக்கர் பெயர் வாசித்தார், அவ்வளவுதான். அன்று பின்னேரம் அப்பா காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"நீ கேட்ட கேள்வி சரியான கேள்விதானே?"

"சரிதாம்ப்பா."

"அப்ப நான் கான் வெட்டுறேன். நீ படி."

நடந்ததில் பாதியை மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். முன்பே தெரிந்துகொண்டு, நாற்றைத் துடைத்துக் கொடுத்து அனுப்பியதை நான் சொல்லவில்லை. அவர் சாகும்வரை சொல்லவில்லை.

ஆசிரியர் அதன் பிறகு வகுப்பில் என்னைப் பார்த்ததே இல்லை. என் கொப்பிகள் திருத்தப்படாமல் திரும்பி வரும். செய்முறை நேரத்தில் எனக்கு உபகரணம் மிஞ்சாது. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி கொஞ்சம் குறைந்துபோனது. அந்தக் கொஞ்சத்துக்கு அவர்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

பிறகு எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. நுவரெலியாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலை. அங்கே போய்ச் சில வருடம் கழித்து, ஹட்டன் பஸ் நிலையத்தில் கிளாக்கர் மகனைக் கண்டேன். கையில் ஒரு குழந்தை. கொஞ்ச நேரம் பஸ்ஸைப் பற்றிப் பேசினோம். திடீரென்று, "நீங்க அன்னைக்கே என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்" என்றான்.

"அட்டையில உங்க பேர மட்டும் எழுதினப்ப நீங்க கேட்டிருக்கலாம்."

அவன் தலையாட்டினான். பஸ் வந்தது. அவன் மேல் எனக்கு இருந்தது அத்தோடு போனது. ஆசிரியர் மேல் இருந்தது போகவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து நெருங்கிய காலம். நுவரெலியாவில் இணையக் கடை வைத்திருந்த சிநேகிதி ஒருத்தி எனக்குச் சில பக்கங்கள் அச்செடுத்துத் தந்தாள். செடியிலிருந்து உண்மையாகவே மின்சாரம் எடுக்கிறார்களாம். செடி பகலில் செய்கிற சர்க்கரையில் கொஞ்சம் வேர் வழியாகச் சேற்றுக்குள் கசிகிறது. சேற்றில் வாழும் பக்டீரியா அதைத் தின்று இலத்திரனை வெளியே தள்ளுகிறது. அடியில் கரி வைத்தால் அது வாங்கிக்கொள்ளும். மேலே தண்ணீர் மட்டத்தில் இன்னொரு கரி. நடுவில் கம்பி. சின்னஞ்சிறு கருவிகளுக்குப் போதும். பதினேழு வயதில் பஸ்ஸில் எனக்குத் தோன்றியது முழுப் பொய் இல்லை. இலையில் தேடியதை வேரில் தேடியிருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பில் இரண்டு பெண்பிள்ளைகள் முன்வந்தார்கள். ஒருத்தி பேச்சுக்காரி. மற்றவள் வாய் திறக்கமாட்டாள், ஆனால் அவள் எழுதிய குறிப்பில் ஒரு எழுத்துப் பிழை இருக்காது. கானிலிருந்து சேறும் சேம்புச் செடியும் அள்ளி வந்து பெயின்ட் வாளிகளில் வைத்தோம். பழைய பெட்டரிகளை உடைத்து நடுவில் இருக்கும் கரிக்குச்சியை மட்டும் எடுத்தோம். துத்தநாக உறையை நான் அறைக்குள்ளேயே வைத்திருக்க விடவில்லை. செடி உள்ள வாளிகள் ஆறு. வெறும் சேறு மட்டும் உள்ள வாளிகள் ஆறு. செடி இருந்தும் சாக்கால் மூடி வெளிச்சம் மறைத்தவை இரண்டு. ஏமாந்தவளுக்குத்தான் தெரியும், எதையெல்லாம் மூடிப் பார்க்க வேண்டும் என்று.

மலைக்குளிரில் முதல் மாதம் வோல்ட்டுமானி அசையவே இல்லை. பிறகு நாளுக்கு நாள் ஏறியது. வெறும் சேறும் கொஞ்சம் தந்தது, ஆனால் வாரங்கள் போக இறங்கிவிட்டது. மூடியதும் இறங்கியது. செடி உள்ளது மட்டும் இறங்காமல் நின்றது. ஆறையும் இணைத்தபோது, சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்றில் எண் விழுந்தது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி இறங்கி நாற்றுகளைக் கருக்கும் ஊர் அது. பனி வருவதை முன்கூட்டி அறிய இதை நர்சரியில் வைக்கலாம் என்றாள் பேச்சுக்காரி.

அதை வலயப் போட்டிக்குப் பதிந்தோம். வலயத்திலிருந்து பார்வையிட வந்தவர் என் பழைய ஆசிரியர். இப்போது விஞ்ஞானப் பாடத்துக்குப் பொறுப்பான அதிகாரி. தலைக்குக் கறுப்புச் சாயம். சட்டை மடிப்பு அப்படியே இருந்தது. என்னை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியாதது போலக் குனிந்து வாளிகளைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற ஆசிரியர்களிடம் நிமிர்ந்து சொன்னார்.

"இது எனக்குப் புதுசில்ல. தொண்ணூறுகள்லயே என் பிள்ளைகள வச்சு இத நான் செஞ்சிருக்கேன்."

போகும்போது என்னைத் தனியாக ஒதுக்கி, தணிந்த குரலில் சொன்னார்.

"அறிக்கையில முன்னோடி முயற்சின்னு ஒரு பகுதி வரணும்மா. என் பேர அதுல போடுங்க. மேல அனுப்ப லேசா இருக்கும்."

"போடுறேன் சார்."

போட்டேன். அரைப் பக்கம் எழுதினேன். தொண்ணூறுகளில் ஒரு பாடசாலையில் துத்தநாகத்தில் ஓடிய மணிக்கூடு செடியில் ஓடுவதாகக் காட்டப்பட்டது, அதைச் செய்த மாணவியின் பெயர் நீக்கப்பட்டது, தவறு தேசியப் போட்டியில் வெளிப்பட்டது, வழிகாட்டிய ஆசிரியர் இன்னார் என்று அவருடைய முழுப்பெயரை எழுதினேன். ஒரு சொல்லிலும் வசை இல்லை. வலயக் காரியாலயத்துக்கு நானே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் வாசிக்கும்வரை உட்காராமல் நின்றேன். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் அவருடைய விரல் நின்றது.

"இது என்ன?"

"உங்க பேரப் போடச் சொன்னீங்களே சார். போட்டிருக்கேன்."

பக்கத்து மேசையில் இருந்தவர் தலை நிமிர்ந்தார். ஆசிரியரின் முகம் கொழும்பில் இருந்த அதே முகமாக மாறியது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிர்காற்றை முழுவதும் முகத்தில் வாங்கினேன்.

மாகாணத்துக்குத் தெரிவான பட்டியல் வந்தது. எங்கள் பாடசாலை அதில் இல்லை. அறிக்கை மேலே போகவே இல்லை.

பிள்ளைகள் இருவரும் என் முன்னால் வந்து நின்றார்கள். நடந்ததை எல்லாம் சொன்னேன். நாற்றைத் துடைத்துக் கொடுத்ததையும் சொன்னேன். முதல் தடவையாக இன்னொருவரிடம் சொன்னது அதுதான். பேச்சுக்காரி அழுதாள். வாய் திறக்காதவள்தான் பேசினாள்.

"அந்தப் பக்கத்த எடுத்திருந்தா எங்களது போயிருக்குமா டீச்சர்?"

"போயிருக்கும்."

"அது உங்க சண்ட டீச்சர். வாளி எங்களது."

கோபமாகச் சொல்லவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதுவது போல, நடந்ததைச் சொன்னாள். எனக்குக் காது சூடேறியது. அந்த இரண்டு பெயர்களையும் அட்டையிலிருந்து எடுத்தது இந்தத் தடவை யார் என்று யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

அடுத்த வருடம் சேற்றை மாற்றினோம், செடிகளை மாற்றினோம், ஒரு வருடத்துக் குறிப்புகள் கூடுதலாகச் சேர்ந்திருந்தன. அறிக்கையின் முதல் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளின் பெயர்கள். ஆசிரியருடைய பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை, நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. கொண்டுபோய் வைத்தேன். முழுவதையும் புரட்டினார். அந்தப் பகுதி இருக்கிறதா என்று தேடுகிறார் என்பது தெரிந்தது. இல்லை என்று கண்டதும் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். நான் நன்றி சொல்லவில்லை.

கண்டியில் பிள்ளைகளுக்கு இரண்டாமிடம் கிடைத்தது. மேடையில் பேச்சுக்காரி எங்கள் பேச்சிலேயே பேசினாள். "கானுக்குள்ள இருந்து அள்ளிட்டு வந்த சேறுங்க" என்றபோது சபை சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். மற்றவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரைபடமாக உயர்த்திப் பிடித்தாள். அவர் முன்வரிசையில், அதிகாரிகளோடு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்திருந்தது. பிள்ளைகளைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அவர்கள் பேசிய நேரத்தில் பாதிக்கு மேல், அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைதட்டும்போது அவர் தட்டுகிறாரா என்று பார்த்தேன். தட்டினார், மெதுவாக. அது போதவில்லை எனக்கு.